மெஷின் நின்ற இடம்

அவர்கள் மூன்று பேரும் கடைக்குள் வந்தபோது நான் ஒரு மேசைவிரிப்பின் மைக்கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் துணி இல்லாமல் சலவைக்கடைக்குள் வருகிறவர்கள் இரண்டே வகை. சட்டை தொலைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்கள், வழி கேட்க வருகிறவர்கள். இந்த மூன்று பேர் முகத்தில் கோபமும் இல்லை, வழி தெரியாத தவிப்பும் இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். எங்கள் கடைக் கூரையில் பார்ப்பதற்கு நீராவிக் குழாயும் ஒட்டடையும் தவிர ஒன்றுமில்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

ஒருத்தி பெண். முடியை மண்டையோடு ஒட்ட வெட்டியிருந்தாள். மற்ற இருவரும் பையன்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் கண்ணாடி. அவள்தான் பேசினாள்.

"அந்த ரெக்கார்டிங் நடந்தது இங்கதானாக்கா?"

"எந்த ரெக்கார்டிங்?"

"கடைசி அலசல். அந்த ராக் பேண்ட்."

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரை வெளி ஆள் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டு எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. கடைசி அலசல் என்று ஒரு பேண்ட் இருந்தது எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் ஞாபகம் இருக்காத சமாசாரம். கிடார் அண்ணன். டிரம்ஸ் எங்கள் இஸ்திரி மாஸ்டர். பேஸ் கிடார் எங்கள் வேன் டிரைவர். பாட்டு எழுதியதும் அவர்தான். பாடியது நான். அப்போது எனக்கு இருபது ஆகவில்லை. மெஷின் கடைசி அலசலுக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் கை ஒழியும், அப்போதுதான் நாங்கள் கிடாரை எடுப்போம். அதனால் அந்தப் பெயர்.

"ஆமா, இங்கதான்," என்றேன். "உள்ள மெஷின் ரூம்ல."

நெட்டையன் கண்ணாடிக்காரன் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன்.

"பாடினது யாருக்கா? உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அந்தப் பெண். "கேசட் அட்டையில பேண்ட் பேரும் கடைப் பேரும்தான் இருக்கு, ஆளுங்க பேரே இல்ல. நாங்க எவ்வளவோ தேடினோம்."

அந்த இடத்தில் நான் "நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பாடியது நான் என்று சொன்னால் அடுத்து ஒரு கேள்வி வரும், அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கேள்வி எது என்று எனக்கே தெரியாது.

"அண்ணன்கிட்ட கேளுங்க. உள்ள இருக்காரு," என்று சொல்லிவிட்டு மைக்கறைக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணன் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு, முதலில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அதில் உட்கார்ந்தார். அப்புறம் மூன்று பேருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். நீராவி அழுத்தும் சத்தத்துக்கு இடையில் அவர் பேசுவது எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

"அந்த மெஷின் சத்தம் இருக்கே, அது யதேச்சையா வந்ததுன்னு நெனச்சீங்களா?"

"இல்லையா சார்?"

"எல்லாம் பிளான்," என்றார் அண்ணன். "மெஷினை ஓடவிட்டுத்தான் ரெக்கார்ட் பண்ணணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். அந்தக் காலத்துல யாருக்குமே அது புரியல."

என் கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த கதை அது இல்லை.

எனக்குத் தெரிந்த கதை இது. டிரைவர் யாரிடமோ டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். ஹோட்டல் படுக்கை விரிப்புகளோ மலைபோலக் குவிந்து கிடந்தன, காலையில் போய்ச் சேர வேண்டும். அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம்: "அது ஓடிட்டு இருக்கட்டும், நாம ஆரம்பிப்போம்." யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஏனென்றால் மெஷின் சத்தம் எங்கள் காதில் விழவே விழாது. சலவைக்கடையில் ஒரு மாசம் வேலை பார்த்தால் போதும், அந்தச் சத்தம் மறைந்துவிடும். பெரிய மெஷினுக்கு யானை என்று பெயர் வைத்திருந்தோம். யானை ஓடும்போது எங்களுக்கு அமைதி, நின்றால்தான் காது திடுக்கிடும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி நாங்கள் எல்லாரும் சத்தமாகப் பேசுகிறவர்கள் ஆகியிருந்தோம், அதுவும் எங்களுக்குத் தெரியாது.

ரெக்கார்ட் பண்ணிய கேசட்டை வீட்டில் போட்டுக் கேட்டபோது நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிடார் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. என் குரல் அதற்கும் கீழே. மேலே முழுக்க யானை. டிரைவர் அதற்குள் ஒரு பெட்டி நிறையப் பிரதி எடுத்துவிட்டிருந்தார். கடைகளில் யாரும் வாங்கவில்லை. பெட்டி வேனில் இடத்தை அடைக்கிறது என்று கடுப்பாகி, ஹோட்டலுக்குப் போகும் துண்டுக் கட்டுகளில் கட்டுக்கு ஒன்றாகச் செருகி அனுப்பிவிட்டார். அத்தோடு எங்கள் கேசட் ஒழிந்தது என்று நினைத்தோம்.

அது ஒழியவில்லை என்பதைத்தான் அந்த மூன்று பேரும் சொல்ல வந்திருந்தார்கள். ஹோட்டலில் தங்கியவர்கள் துண்டுக்கு நடுவில் கிடந்த கேசட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். யாரோ ஒருவர் தன் மகனுக்குக் கொடுக்க, அவன் பேண்ட் வைத்திருக்க, அவனைப் பார்த்து இன்னொருவன். இன்றைக்கு எங்களைப் போல வாசிக்கிற பேண்ட் இத்தனை இருக்கிறது என்று கண்ணாடிக்காரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். அண்ணன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

எங்களைப் போல என்றால் எதைப் போல? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வேலை முடிந்து கடைக்கு மேலே உள்ள வீட்டுக்குப் போனால் அங்கே அண்ணி இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள். பேண்ட் கலைந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள்.

"உங்கண்ணன் குளிக்கும்போதுகூடப் பாடி நான் கேட்டதில்ல," என்றாள் என்னிடம். "இத்தனை வருஷமா ஒரு ராக் ஸ்டாருக்கு பனியன் துவைச்சிருக்கேனாம். சொல்லவே இல்ல பாரு."

"துவைச்சது மெஷின்," என்றார் அண்ணன்.

"காயப்போட்டது நான்தானே."

நான் அண்ணன் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணா, மெஷினை வேணும்னே ஓடவிட்டேன்னு சொன்னியே. ஏன் அப்படிச் சொன்ன?"

"ஓடட்டும்னு சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்ப யாரோட ஐடியா?"

அவர் சொல்வது பொய் என்று தெரிந்தது. எந்த இடத்தில் பொய் என்று மட்டும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

"என் குரலைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

அண்ணன் யோசித்தார். "நிறையப் பேசினாங்க. மெஷினைப் பத்தி. அப்புறம் பாட்டுக்கு நடுவுல நிறுத்தம் நிறுத்தம்னு என்னமோ. குரல் யாருதுன்னு கேட்டாங்க. தங்கச்சின்னேன். அப்படியான்னாங்க."

"அப்படியான்னா எப்படி?"

"அப்படியான்னா அப்படியாதான். இதுல என்ன விதம் இருக்கு?" அப்புறம் குரலை இறக்கினார். "ஞாயித்துக்கிழமை அவங்க பிராக்டிஸ் ரூமுக்கு நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. மாஸ்டரையும். நீ சும்மா வந்து உக்காந்தாப் போதும்னு சொல்லிட்டேன். நீதான் பாட மாட்டியே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பாட மாட்டேன் என்பது எங்கள் வீட்டில், எனக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது என்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம்.

நாங்கள் மேடை ஏறியது ஒரே ஒரு தடவை. ஒரு கல்லூரி அரங்கில் நடந்த போட்டி. முதல் பாட்டில், பாதியில், எல்லாம் சிதறிப்போயிற்று. ஒருவர் வாசிக்கும்போது இன்னொருவர் நிறுத்தினார், நிறுத்தியவர் ஆரம்பிக்கும்போது மற்றவர் நிறுத்தினார். நான் நடுவில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தேன், எங்கே போகிறேன் என்று தெரியாமல். கீழே சிரிப்பு. வேனில் திரும்பும்போது அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "உன் குரல் நிக்கல. நீ நின்னிருந்தா நாங்க பிடிச்சிருப்போம்." நான் சரி என்றேன். அதற்குப் பிறகு பாடவில்லை. அது ஒன்றும் சபதம் இல்லை. பாத்திரம் கழுவும்போது வாய் முணுமுணுக்க ஆரம்பித்தால், அந்தச் சிரிப்பு நினைவு வந்து வாய் தானாக மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். என் குரல் நன்றாக இருந்ததா இல்லையா என்ற கேள்வி மட்டும் போகாத கறை மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் அதைக் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் மாஸ்டரிடம் போனேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி. உயரமான முக்காலியில் உட்கார்ந்துதான் தேய்ப்பார். நான் பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குத் தலை நரைத்த பிறகும் அதை மாற்றவில்லை.

"மாஸ்டர், அன்னைக்கு மேடையில யார் தப்பு பண்ணாங்க?"

அவர் நிமிரவே இல்லை. "நான்தான்."

"நீங்களா?"

"வேற யாரு. அடிக்கறதை நிறுத்தறதா வேணாமான்னு முழிச்சேன். அந்த முழியில எல்லாம் போச்சு. உங்கண்ணன் பெரிய மனசு, ஒரு வார்த்தை கேக்கல."

"என்கிட்ட நான்தான்னு சொன்னாரே."

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். "உன்னைச் சொன்னாரா? டிரைவர் சாகற வரைக்கும் அவன் கைதான் வழுக்கிடுச்சுன்னு என்கிட்ட அழுதுட்டு இருந்தான். நானும், ஆமாண்டா, விடுடான்னு சொல்லிட்டு இருந்தேன். என் தப்பை அவன் எடுத்துக்கறானேன்னு எனக்கு ஒரு பக்கம் நிம்மதி."

"அப்ப யார்தான் பண்ணது?"

"இரு, வாசிச்சுப் பாத்துடுவோம்."

மேசையில் இரண்டு கைகளாலும் தட்ட ஆரம்பித்தார். நான் பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். ஈரம் காயல, ஈரம் காயல, கொடியில நேத்து தொங்குது. அந்த வரி முடிந்ததும் மாஸ்டர் தட்டுவதை நிறுத்தினார்.

"இங்கயா நிறுத்தணும்?" என்றேன்.

"இங்கதான். இல்ல, இன்னொரு சுத்து வருமா?"

"எனக்கு இன்னொரு சுத்துதான் ஞாபகம்."

மறுபடி தட்டினார். இந்தத் தடவை இன்னொரு சுற்று போய் நிறுத்தினார். அதுவும் சரியாக இல்லை. மூன்றாவது தடவை அவர் நிறுத்தவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எத்தனையோ நாள் தினமும் வாசித்த பாட்டு. எங்கே நிறுத்துவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மேசையில் இருந்த சட்டையின் காலர் தட்டின தட்டலில் கசங்கியிருந்தது.

"வயசாயிடுச்சு பாப்பா," என்றார் மாஸ்டர். ஆனால் அவருக்கே அதில் நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் தனியாக வந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. நெஞ்சில் காபிக்கறை.

"இது போகுமாக்கா?"

தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. "தெரு முனையிலதான ஊத்திக்கிட்ட?"

அவள் சிரித்துவிட்டாள். "சும்மா வந்தா நீங்க பேச மாட்டீங்கன்னு நெனச்சேன். நீங்கதான் பாடினதுன்னு சார் சொன்னாரு. முதல் நாளே ஏன் சொல்லல?"

நான் சட்டையைத் தண்ணீரில் போட்டேன். அது ஒரு பதில் மாதிரி இருக்கட்டும் என்று.

"நீங்க அதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு தடவைதான் கேட்டேன். அப்ப."

அவள் போனை எடுத்து, காதில் மாட்டிக்கொள்ள இரண்டு சின்னப் பஞ்சுமுனைகளைக் கொடுத்தாள். என் கை ஈரம். அவளே மாட்டிவிட்டாள்.

முதலில் யானை வந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தையா நாங்கள் கேட்காமல் இருந்தோம் என்று மலைப்பாக இருந்தது. இப்போது கடையில் இருப்பதெல்லாம் சத்தமில்லாத புது மெஷின்கள். இது வயிற்றிலிருந்து எழும் உறுமல். அதன் மேல் மாஸ்டர், அதன் மேல் டிரைவர், தொலைவில் அண்ணன். கொடியில நேத்து தொங்குது என்று நான் எங்கோ அடியில் பாடினேன். அப்போது யானை நின்றது.

எல்லாரும் நின்றார்கள். டிரம்ஸ், கிடார் எல்லாம். அந்த வெறுமையில் ஒரே ஒரு குரல், பக்கத்தில் நின்று காதுக்குள் பாடுகிற மாதிரி: யாரு சட்டை இது, யாரு வந்து... உடனே யானை மறுபக்கம் சுற்ற ஆரம்பித்தது, எல்லாரும் அதோடு பாய்ந்தார்கள்.

நான் பஞ்சுமுனையைக் கழற்றினேன்.

"மெஷின் இந்தப் பக்கம் சுத்தும், நிக்கும், அந்தப் பக்கம் சுத்தும், இல்லையா?" என்றாள் அவள். "அது நிக்கற இடத்துல எல்லாம் வாசிக்கற மூணு பேரும் நிக்கறாங்க. எல்லாப் பாட்டுலயும். ஒரு தடவைகூடத் தப்பல. அந்த இடத்துல குரல் மட்டும் வரும். எங்க கூட்டத்துல இப்ப எல்லாப் பேண்டும் அப்படித்தான் பண்றாங்க. பாதிப் பேருக்கு எங்கிருந்து வந்ததுன்னே தெரியாது. அதை எப்படி முடிவு பண்ணீங்க?"

"நாங்க முடிவு பண்ணல," என்றேன். "நாங்க நிக்கறோம்னே எங்களுக்குத் தெரியாது."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கவில்லை. நாலு பேரும் யானையைக் கேட்டு வாசித்திருக்கிறோம், அது காதில் விழுவதாகவே தெரியாமல். அந்த அரங்கத்து மேடையில் யானை இல்லை. நாலு பேரும் அது நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இல்லாத மெஷின் எப்படி நிற்கும்? அப்படியென்றால் அது யாருடைய தப்பும் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. வந்த கையோடு வேறொன்றும் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"அந்தக் குரல் நல்லா இருக்கா?"

"என்னக்கா இது. அந்த இடத்துல ஒரு பயம் இருக்கும் பாருங்க, அவசரமா, யாரோ துரத்தற மாதிரி. நான் எத்தனை வருஷமா அதைக் கொண்டுவரப் பாக்கறேன் தெரியுமா?"

"அது பயம் இல்லம்மா. மெஷின் மறுபடி ஆரம்பிக்கறதுக்குள்ள முடிக்கணும், அந்த அவசரம்."

"இருக்கட்டுமே. அதான் அழகு."

"அப்ப அழகு என்னுதா, மெஷினோடதா?"

அவள் தண்ணீரில் மிதந்த தன் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அவள் தெரியும் என்று நடிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோட் போட்டுக்கொண்டார். பட்டன் போட முடியவில்லை. திறந்தே விட்டால்தான் ஸ்டைல் என்றார். அண்ணி வாசலில் நின்று, "ஆட்டோகிராப் போட பேனா வெச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் நிஜமாகவே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

பிராக்டிஸ் அறை ஒரு கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது போல ஆயிற்று. அப்படி ஓர் அமைதியில் நான் நின்றதே கிடையாது. என் மூச்சு எனக்கே கேட்டது. மாஸ்டர் விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்து பார்த்தார்.

"இது என்ன ரூமா, தலையணையா?" என்றார்.

நெட்டையன் டிரம்ஸ். கண்ணாடிக்காரன் கிடார். அந்தப் பெண் மைக் முன்னால். எங்களை ஒரு பழைய சோபாவில் வரிசையாக உட்கார வைத்தார்கள். நெட்டையன் ஒரு பொத்தானைத் தட்டினான். யானையின் உறுமல் வந்தது. எங்கள் கேசட்டிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இரண்டு கையும் தானாக முழங்காலில் தட்ட ஆரம்பித்தன.

எங்கள் பாட்டை வாசித்தார்கள். எங்களைவிட நன்றாக வாசித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. யானை நின்றதும் கத்தி வைத்து அறுத்த மாதிரி நின்றார்கள். அந்தப் பெண் பாடினாள்: யாரு சட்டை இது, யாரு வந்து. வாயை மூடிக்கொண்டாள். யானை கிளம்பியது, அவர்களும் கிளம்பினார்கள்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கை தட்டினார். நான் தட்டவில்லை.

"மிச்சம் எங்கம்மா?" என்றேன்.

"மிச்சமா?"

"யாரு வந்து... அதுக்கு அப்புறம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அவ்வளவுதானேக்கா வரி," என்றாள் அவள். "யாரு வந்து. முடிக்காம விடறது. அதைப் பத்தி எவ்வளவோ பேர் பேசியிருக்காங்க. செத்துப்போன ஆளோட சட்டைன்னு ஒருத்தர், வராமப் போன காதலன்னு ஒருத்தர்."

"யாரு வந்து கேப்பா இதை, யாருக்குத் தருவேன் நான்," என்று மாஸ்டர் சொன்னார். "ரசீதைத் தொலைச்சுட்டு யாரோ வாங்காமப் போன சட்டை. டிரைவர் அதை வெச்சுத்தான் எழுதினான். சட்டை ரொம்ப நாள் ஆணியிலயே தொங்கிச்சு."

"கேசட்டுல அது இல்லையே," என்றான் கண்ணாடிக்காரன்.

"இருக்கு," என்றேன். "மெஷினுக்கு அடியில இருக்கு."

நான் ஒவ்வொரு தடவையும் அந்த வரியை முழுக்கப் பாடியிருக்கிறேன். யானை அதில் பாதியை விழுங்கியிருக்கிறது. அது விழுங்கியது போக மிச்சத்தைத்தான் அவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதில் யார் சரி என்று யோசித்தால் எங்கேயும் கால் வைக்க இடமில்லை. அவர்களுக்குப் பிடித்தது அந்தப் பாதி வரி. நான் பாடியதோ முழு வரி. பாதி வரியை நான் பாடவே இல்லை. அப்படியென்றால் அவர்களுக்குப் பிடித்த எதை நான் பாடினேன்?

"நீங்க பாடிக் காட்டுங்களேன்," என்றாள் அந்தப் பெண். மைக்கை விட்டு நகர்ந்தும் நின்றுவிட்டாள்.

"அவ பாட மாட்டா," என்றார் அண்ணன்.

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. ஒருவேளை அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். நெட்டையன் பொத்தானைத் தட்டக் கையை நீட்டினான்.

"அது வேணாம்," என்றேன்.

"மெஷின் வேணாமா? அது இல்லாம எங்க நிக்கறதுன்னு..."

"வேணாம்பா. அது இருந்தா நான் பாடினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. குச்சிகளை எடுத்தான். ஆரம்பித்தார்கள். என் வாயிலிருந்து முதலில் வந்தது குரல் இல்லை, இருமல். மறுபடி ஆரம்பித்தார்கள். ஈரம் காயல என்றேன். குரல் தடித்திருந்தது, ஓரத்தில் பிசிறடித்தது. என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஸ்பாஞ்சு அறையில் அதை மறைக்க ஒன்றுமே இல்லை. கொடியில நேத்து தொங்குது.

பழக்கத்தில் அவர்கள் நின்றார்கள். யாரு சட்டை இது, யாரு வந்து என்று பாடினேன். உடனே நெட்டையன் டிரம்ஸில் இறங்கினான். கண்ணாடிக்காரன் கிடாரோடு பாய்ந்தான். நான் இன்னும் முடிக்கவில்லை. கேப்பா இதை என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரன் திடுக்கிட்டு நிறுத்தினான். அவன் நிறுத்தியதைப் பார்த்து நெட்டையனும் நிறுத்தினான். அதற்குள் கண்ணாடிக்காரன் மறுபடி ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சிதறியது. அந்த அரங்கத்து மேடையில் சிதறிய அதே மாதிரி, அச்சு அசலாக.

"பாத்தியா, விட்டுட்ட," என்றார் அண்ணன் சோபாவிலிருந்து.

நான் விடவில்லை. அன்றைக்கும் விட்டிருக்க மாட்டேன். வரி முடியவில்லை, பாடிக்கொண்டிருந்தேன். அன்று நடந்தது இவ்வளவுதான் என்று அந்த நிமிஷம் பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. யாருக்குத் தருவேன் நான் என்று கடைசிச் சொல் வரைக்கும் போனேன், துரத்த யாரும் இல்லாததால் மெதுவாக. மற்றவர்கள் எல்லாரும் நின்றுவிட்டிருந்தார்கள். சொல் முடிந்ததும் அறை அப்படியே அடைத்துக்கொண்டது.

நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் போடுகிறவள் மாதிரித் தரையைப் பார்த்தாள்.

"அந்த அவசரம் இதுல இல்லக்கா," என்றாள் மெல்ல.

"இல்லதான்."

"இது வேற பாட்டு மாதிரி இருக்கு."

"இருக்கலாம். இதுதான் நான் பாடினது."

கேட்க எவ்வளவோ வருஷமாகக் காத்திருந்த கேள்விக்கு அவளிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தது. அவளுக்குப் பிடித்த குரல் அந்தக் கேசட்டில் இருக்கிறது. இது வேறு ஒருத்தியின் குரல். இது நன்றாக இருக்கிறதா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது. மறுபடி கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றேன்.

நெட்டையன் குச்சியால் தலையைச் சொறிந்தான். "நாங்க எப்பத் திரும்ப வரணும்?"

"நான் முடிச்சதும்."

"முடிச்சீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாரைப் பார்த்தும் நான் பாடியதில்லை. யாரும் என்னைப் பார்த்து வாசித்ததும் இல்லை. மெஷின் அறையில் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் நிற்போம்.

"என் மூஞ்சியைப் பாருங்க," என்றேன்.

அவர்கள் பார்த்தார்கள். நெட்டையன், கண்ணாடிக்காரன், அந்தப் பெண், மாஸ்டர். அண்ணன்கூட. என் முகம் கொதித்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெட்டையனின் கையைப் பார்த்தேன். அவன் குச்சியை உயர்த்தினான். நான் ஆரம்பித்தேன்.